கேட்டுத் தொடுகிறவர்

டெக்சாஸில் எங்கள் ஃபிரிஸ்கோ வட்டாரத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் எதிர்வீட்டு ஆன்ட்டியைப் பரிமாற விடமாட்டார்கள். கரண்டியை நைசாக வாங்கி வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் "விடட்டுமா?" என்று கேட்பார். "போதும்" என்று சொன்னால் நிஜமாகவே விடாமல் அடுத்த ஆளிடம் போய்விடுவார். போதும் என்றால் இன்னும் ஒரு கரண்டி என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவருகிற ஒரு தீபாவளி பாட்லக்கில் இரண்டாவது குலாப்ஜாமூன் கிடைக்காத அங்கிள் ஒருவர், "அந்தம்மாவுக்குக் கையே வராது" என்று அவர் காதில் விழும்படியே சொன்னார்.

"வேணாம்னு அவர்தானே சொன்னார்?" என்று என்னிடம் கேட்டார் ஆன்ட்டி. கிண்டலாக இல்லை. உண்மையிலேயே குழம்பிப் போயிருந்தார்.

நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிவந்த நாளில்தான் அவரை முதலில் பார்த்தேன். சாமான் இறக்கிக்கொண்டிருந்ததால் வாசல் கதவு திறந்தே கிடந்தது. கையில் ஒரு பாத்திரத்தோடு டிரைவ்வே ஓரத்தில் ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"நான் எதிர்வீடு. எலுமிச்சை சாதம் இருக்கு. உள்ள வரலாமா?"

"வாங்க ஆன்ட்டி, என்ன கேட்டுக்கிட்டு."

என் அக்கா வயதுதான் இருக்கும். ஆனால் இங்கே எல்லாருக்கும் ஆன்ட்டி என்று வாயில் வந்துவிடுகிறது. உள்ளே வந்தவர் பாத்திரத்தை வைக்கலாமா என்று கேட்டு வைத்தார். என்னை நீ என்று சொல்லலாமா என்று கேட்டார். கார்ப்பெட்டில் கிடந்த என் மகளுக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. அவளுக்கு முன்னால் குனிந்து, "தூக்கட்டுமா?" என்று கேட்டார். என்னிடம் இல்லை, குழந்தையிடம். அது முழித்துப் பார்த்தது. அவர் கையை நீட்டியபடி காத்திருந்தார். அது கையைத் தூக்கிய பிறகுதான் எடுத்தார்.

கொஞ்சம் லூசோ என்று அன்று என் கணவரிடம் சொல்லிச் சிரித்தேன்.

என் மகள் வளர்ந்து பேசத் தொடங்கியதும் அவருக்குத்தான் முதல் ரசிகையானாள். நான் பிடித்து இழுத்துத் தலைவாரினால் கத்துகிறவள் அவரிடம் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். ஏன் என்று கேட்டதற்கு, "ஷி ஆஸ்க்ஸ் மீ ஃபர்ஸ்ட், அம்மா. யூ டோன்ட்" என்றாள்.

அவர் ஊரில் டாக்டராக இருந்தவர். தென்மாவட்டம் ஒன்றில் அரசு ஆஸ்பத்திரியில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டுக் கணவரோடு டெக்சாஸ் வந்தார். இங்கே மறுபடி பரீட்சை எழுதி டாக்டராகவில்லை. ஸ்கேன் எடுக்கும் படிப்பு ஒன்றைப் படித்துவிட்டு, பெண்களுக்கான கிளினிக் ஒன்றில் டெக்னீஷியனாகச் சேர்ந்துவிட்டார். யாராவது "டாக்டர்" என்று கூப்பிட்டால், "இப்ப இல்லைங்க" என்பார்.

ஒருமுறை எனக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஸ்கேனுக்கு அவர் வேலை செய்த கிளினிக்குக்கே போக நேர்ந்தது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று படுத்திருந்தேன். அவரோ எதற்கெடுத்தாலும் கேட்டுக்கொண்டே இருந்தார். "டவலை விலக்கட்டுமா? ஜெல் ஜில்லுன்னு இருக்கும், வைக்கட்டுமா? கொஞ்சம் அழுத்திப் பாக்கணும், அழுத்தட்டுமா?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஐயோ ஆன்ட்டி, சும்மா பண்ணுங்க."

கையை எடுத்துக்கொண்டார். "சும்மாவா?" என்றார். பிறகு மெல்ல, "அப்படிச் சொல்லிடாதம்மா. யார்கிட்டயும் சொல்லாத" என்றார். அந்த இருட்டு அறையில் திரை வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்திருந்தது. கண்டிக்கிற முகமாக அது இல்லை. எதற்கோ பயந்த முகம். கட்டி ஒன்றுமில்லை என்று பின்னால் தெரிந்தது. அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

நாங்கள் இருவரும் வியன்னாவுக்குப் போனது அவருடைய மகளைப் பார்க்க. மகள் அங்கே வேலையில் இருந்தாள். அவர் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. தனியாகப் போகத் தயங்கியவரோடு, ஐரோப்பா பார்க்கிற ஆசையில் நான் ஒட்டிக்கொண்டேன். மகள் ஆபீசுக்குப் போனதும் பகலெல்லாம் நாங்கள் இருவரும்தான். அரண்மனை, சாக்லேட் கேக், காபிக் கடை என்று நான் திட்டம் வைத்திருந்தேன். அவர் தயங்கித் தயங்கி, "எனக்கு இங்க இருக்கற பழைய மெடிக்கல் மியூசியமெல்லாம் பாக்கணும். காலேஜ்ல படிக்கறப்பவே ஆசை. நீ வர்றியா? பிடிக்கலேன்னா நான் மட்டும் போய்க்கறேன்" என்றார்.

முதலில் போனது மெழுகு உடல்கள் வைத்திருந்த மியூசியம். இருநூறு வருடங்களுக்கும் முன்னால் டாக்டர்களுக்குப் பாடம் சொல்லித்தரச் செய்தவை. ஆளுயர மனிதர்கள் தோலில்லாமல், நரம்பும் சதையுமாக நின்றார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் இளம்பெண் பட்டு மெத்தையில் படுத்திருந்தாள். நிஜக் கூந்தல், பாதி மூடிய கண்கள், கழுத்தில் முத்துமாலை. மார்பு முதல் அடிவயிறு வரை மூடியைக் கழற்றியது போல் திறந்திருந்தது. எனக்கு அருவருப்பாகவும் இருந்தது, அழகாகவும் இருந்தது. போனை எடுத்துப் படம் பிடித்தேன்.

அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வயித்தத் திறந்து காட்டணும், சரி. அதுக்கு முத்துமாலை எதுக்கும்மா?" என்றார்.

"பொம்மைதானே ஆன்ட்டி."

"பொம்மைதான்."

மறுநாள் போன மியூசியத்தில் பொம்மைகள் இல்லை. ஜாடிகளும் எலும்புகளும். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு மருத்துவ மாணவி எங்களை அறை அறையாகக் கூட்டிப்போய் ஆங்கிலத்தில் விளக்கினாள். ஓர் அலமாரியில் ஒரு பெண்ணின் இடுப்பெலும்பு இருந்தது. எலும்பு மென்மையாகிக் குறுகிப்போனதால் குழந்தை வெளியே வர வழியில்லாமல் பிரசவத்தில் இறந்தவள் என்றாள் மாணவி. அடியில் ஒட்டியிருந்த சீட்டில் நோயின் பெயர் மட்டும் இருந்தது.

ஆன்ட்டி பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையைத் தூக்கினார். "இதை எடுத்து வைக்கலாமா என்று அவள் வீட்டில் யாரையாவது கேட்டார்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மாணவி கொஞ்சம் யோசித்தாள். "அந்தக் காலத்தில் யாரிடமும் யாரும் கேட்டதில்லை" என்றாள். நேர்மையாகத்தான் சொன்னாள். கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்தது. ஆன்ட்டி நகரவில்லை.

"அந்தக் காலம்" என்றார் என்னிடம். "வெளிய போயிடலாமா?"

வெளியே முற்றத்தில் ஒரு பெரிய மரத்தடியில் பெஞ்ச் இருந்தது. மாணவர்கள் சிலர் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்ததும் அவராகவே ஆரம்பித்தார்.

"நான் கவர்மென்ட் ஆஸ்பத்திரில லேபர் வார்டுல இருந்தேன். அப்ப எங்களுக்கு டார்கெட் இருந்துச்சு. பிரசவமாகி நஞ்சுக்கொடி வெளிய வந்த உடனே காப்பர்-டி வச்சிடணும், அடுத்த குழந்தை சீக்கிரம் வராம இருக்க. கேட்டா மாமியாரைக் கேக்கணும், வீட்டுக்காரரைக் கேக்கணும்பாங்க. அதனால முதல்ல வச்சிடுங்க, பின்னாடி சொல்லிக்கலாம்னு பெரிய டாக்டர் சொன்னாங்க. பின்னாடி யாரும் சொல்லல. நானும் சொல்லல."

அவர் என்னைப் பார்க்கவில்லை.

"எத்தனை பேருன்னு கேட்டுடாத. எனக்கே தெரியாது. ஒரு பொண்ணு மட்டும் என்னம்மா பண்றீங்கன்னு கேட்டா. சின்னப் பொண்ணு. க்ளீன் பண்றேன், சும்மா இருன்னு அதட்டினேன். சும்மா இருந்தா. வீட்டுக்குப் போற அன்னிக்கு என் கையப் புடிச்சு, நீங்க நல்லாருக்கணும் தாயின்னு சொல்லிட்டுப் போனா. நான் உள்ள வச்சதோட."

அவர் அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். தெரிந்தவர் யாரோ எதிரே வருகிறார் என்று முகத்தை மறைத்துக்கொள்வது போல இருந்தது.

இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். விருதுநகர் பக்கம் ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். முதல் குழந்தை பெண். அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தது. அதன் பிறகு அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. ஒரு பொட்டைப்பிள்ளையோடு வயிறு மூடிக்கொண்டது என்று மாமியார் தெரு முழுக்கச் சொன்னாள். கோயில், விரதம், நாட்டு மருந்து எல்லாம் ஆயிற்று. வருடங்கள் கழித்து மதுரையில் ஒரு ஸ்கேனில்தான், "உள்ளே காப்பர்-டி இருக்கிறதே, தெரியாதா?" என்றார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. அவள் சொன்னதை யாருமே நம்பவில்லை. ஒருத்தி உடம்புக்குள் அவளுக்கே தெரியாமல் எப்படி வைப்பார்கள் என்று கேட்டார்கள். "நீயே வச்சுக்கிட்டு எங்களை ஏமாத்திட்டியா?" என்று கேட்ட அத்தான், அவளோடு பல வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே வீட்டில் மகள் மூலமாகத்தான் பேச்சு. எங்கள் அம்மாகூட ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, "உண்மையைச் சொல்லு, உங்க அக்கா உங்கிட்டயாவது சொன்னாளா?" என்று கேட்டாள்.

இதையெல்லாம் அந்தப் பெஞ்சில் வைத்துச் சொன்னேன். சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். வாய் நிற்கவில்லை.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "எந்த ஆஸ்பத்திரி?" என்றார். சொன்னேன். "எந்த வருஷம்?" சொன்னேன்.

"நான் அங்க இருந்ததில்ல" என்றார். ஒரு மூச்சு விட்டார். தோள் இறங்கியது. அந்த நிம்மதியை நான் பார்த்தேன். நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்தார். உடனே இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"எந்த ஆஸ்பத்திரியா இருந்தா என்ன" என்றார் கைகளுக்குள்ளிருந்து.

டிராமில் திரும்பும்போது எதிரெதிராக உட்கார்ந்தோம். முந்தின நாள் எடுத்த மெழுகுப் பெண்ணின் படத்தைப் போனில் தேடி அழித்தேன். எதற்காக என்று தெரியவில்லை. ஆபீஸ் விட்டு வந்த மகள் மியூசியம் எப்படி இருந்தது என்று கேட்டாள். "நல்லா இருந்துச்சு" என்று இருவரும் சொன்னோம்.

ஃபிரிஸ்கோ திரும்பிய பிறகு அவரைத் தவிர்க்க ஆரம்பித்தேன். அவர் கார் கிளம்பிய பிறகு என் காரை எடுப்பேன். என் மகள் மட்டும் வழக்கம்போல எதிர்வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். அவளைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படி ஒருநாள் அவளைக் கூட்டிவரப் போன இடத்தில் அக்காவிடமிருந்து வீடியோ கால் வந்தது. நான் ஆன்ட்டி வீட்டு சோபாவில், ஆன்ட்டி கொடுத்த காபியோடு உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஆன்ட்டி தெரியாதபடி போனைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு பேசினேன். ஆன்ட்டி அதைக் கவனித்துவிட்டு, அடுக்களைக்குள் போய்க் கதவோரமாக நின்றுகொண்டார். தன் வீட்டிலேயே ஒளிந்துகொண்டு நின்றார். இரண்டு பேரில் யாருக்கு நான் துரோகம் செய்கிறேன் என்று தெரியாமல் எனக்குக் கூசியது.

போனை வைத்ததும் வெளியே வந்தார்.

"உங்கக்காகிட்ட நான் ஒருதடவை பேசலாமா? கேட்டுச் சொல்லு. வேணாம்னா வேணாம்."

"என்ன பேசுவீங்க ஆன்ட்டி?"

"நாங்க அப்படிப் பண்ணினது நிஜம்தான்னு சொல்வேன். வேணும்னா உங்கத்தான்கிட்டயும் சொல்வேன். ஒரு டாக்டர் வாயால வரட்டுமே."

அந்த வார இறுதியில் அக்காவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று நடுவில் இரண்டு தடவை கேட்டேன்.

"வேணாம்னு சொல்லிப்புடு" என்றாள் கடைசியில்.

"அக்கா, அவங்க ரொம்ப நல்லவங்க. மனசுக்குள்ள வச்சு வச்சு..."

"நல்லவளாத்தான் இருப்பா. எனக்கு வச்சவளும் நல்லவதான். கன்னத்தைத் தட்டி, தைரியமான பொண்ணுன்னு சொல்லிட்டுப் போனா." குரல் ஏறியது. "இம்புட்டு வருஷம் கழிச்சு உங்கத்தானுக்கு ஒரு டாக்டர் வந்து சாட்சி சொல்லணுமா? நான் சொன்னப்ப நம்பாத மனுஷன் அவ சொல்லி நம்ப வேணாம். அவளுக்கு மனசு ஆறணும்னா அவ யாருக்குப் பண்ணுனாளோ அவங்களப் போய்ப் பாக்கட்டும். என்னத்துக்கு எங்கிட்ட வர்றா? அவளுக்கு நான் சௌகரியமா இருக்கேனா?"

இதை நான் மாற்றாமல் அப்படியே ஆன்ட்டியிடம் சொன்னேன். சாந்தமாக்கிச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அக்காவின் வார்த்தையை இன்னொரு முறை யாரோ திருத்துவதாக ஆகிவிடும் என்று தோன்றியது. அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றார். என்னை உள்ளே கூப்பிடவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனார். அவரோடு படித்த தோழி ஒருவர், முன்பு அவர் வேலை பார்த்த அதே ஊரில் மகப்பேறு டாக்டராக இருந்தார். சுற்று வட்டாரக் கிராமங்களில் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கிற இலவச முகாம்கள் நடத்துவார். அதில் ஆன்ட்டியும் சேர்ந்துகொண்டார். ஒரு மாதம் என்று போனவர் வரவில்லை. அவர் கணவர் தனியாகப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். கேட்டால், "வர்றப்ப வரட்டும்" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆன்ட்டியிடமிருந்து போன் வந்தது. அங்கே மாலை. "பேசலாமா, வேலையா இருக்கியா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்கினார்.

"இன்னிக்குக் கேம்ப்ல ஒரு அம்மா வந்தாங்க. என் வயசுதான். பாக்கறப்ப உள்ள காப்பர்-டி நூல் தெரிஞ்சுது. எப்ப வச்சீங்கன்னு கேட்டேன். நான் எங்க வச்சேன்னாங்க. கடைசிப் பிரசவம் எங்கன்னேன். எங்க ஆஸ்பத்திரி. நான் இருந்த வருஷம்."

கையிலிருந்த காபியைக் கீழே வைத்தேன்.

"எடுக்கட்டுமான்னு கேட்டேன். எடுங்கன்னாங்க. எடுத்தேன். கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. அப்பவே சொல்லிட்டேன். அந்த வார்டுல நான் இருந்தேன், நான் வச்சதா இருக்கலாம், உங்களைக் கேக்காம வச்சது தப்புன்னு."

"என்ன சொன்னாங்க ஆன்ட்டி?"

"ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சு சேலையைச் சரிபண்ணிட்டு வெளிய போனாங்க. வராந்தாவுல வரிசையா உக்காந்திருந்தவங்ககிட்ட ஏதோ பேசினாங்க. அத்தனை பேரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. ஒருத்தர்கூட இருக்கல. என் ஃபிரெண்டுக்கு பயங்கரக் கோவம். ஒழுங்கா நடந்த கேம்பைக் கெடுத்துட்டேன்னு திட்டினா. அவ சொல்றதும் நிஜம். அந்த வரிசைல யாருக்காவது புற்றுநோய் இருந்திருக்கலாம். இனிமே அந்த ஊருக்குள்ள எங்களை விடமாட்டாங்க."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"ஸ்கூல் பெஞ்செல்லாம் எடுத்துப் போட்டிருந்தோம். திரும்ப உள்ள கொண்டுபோய் வச்சேன்."

"திரும்பி வந்துடுங்க ஆன்ட்டி."

"அடுத்த வாரம் வேற ஊர்ல கேம்ப். வீடு வீடாப் போய்க் கூப்பிடணும். ஃபிரெண்ட் இன்னும் என்னைப் போகச் சொல்லல" என்றார். "அங்கயும் அப்படி யாராவது இருந்தா சொல்லத்தான் செய்வேன். எல்லாரையும் பாத்து முடிச்சப்புறம் சொல்லிக்கலாம்னு அவ சொல்றா. அப்ப பெரிய டாக்டரும் அதைத்தான் சொன்னாங்க. எனக்கு எது சரின்னு தெரியலம்மா."

பிறகு சில நாள் கழித்து அக்கா பேசினாள். ஊர்க்கதை, விலைவாசி, அவள் மகளின் வேலை என்று பேசிக்கொண்டே வந்தவள் திடீரென்று, "அந்த டாக்டர் என்ன பண்றா?" என்று கேட்டாள். அவளாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. முகாமில் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா எழுந்து போனது, பின்னாலேயே எல்லாப் பெண்களும் எழுந்து போனது.

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

அக்கா சிரித்துவிட்டாள். தொண்டையிலிருந்து சத்தமாக வந்த சிரிப்பு. ஆன்ட்டி பெஞ்சுகளைத் தூக்கி உள்ளே வைத்ததைச் சொல்லவும் வாயெடுத்தேன். சிரிப்பு அதற்குள் நின்றுவிட்டது.

"மதுரையில ஸ்கேன் பாத்தப்ப அந்தப் படுக்கையில அப்படியே படுத்துக் கிடந்தேன்டி" என்றாள். "அந்த நர்சு வந்து எந்திரின்னு சொல்ற வரைக்கும். எனக்கு எந்திரிச்சுப் போகத் தோணல."

ஆன்ட்டி நல்லவர் என்பதைப் பேச்சின் முடிவில் இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். சொல்லவில்லை. அக்கா மூக்கை உறிஞ்சினாள். நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, அவளாக வைக்கட்டும் என்று இருந்தேன்.